பதினாலாம் எண் போன்

எங்கள் ஆராய்ச்சியில் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். எதிராளி யார்? யாருடைய கண்ணிலிருந்து இந்த ரகசியத்தைக் காப்பாற்றப் போகிறாய்? நான் அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். தொலைவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறவன், நடுவழியில் செய்தியை மடக்குகிறவன், நம் பழக்கவழக்கங்களைக் கம்பெனிகளுக்கு விற்கிறவன் என்று வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொருவனுக்கும் எவ்வளவு சாமர்த்தியம் இருக்கும் என்று ஓர் அட்டவணையும் போட்டிருந்தேன். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, டீ வரவழைத்துக் கொடுத்து, அனுமதிக் கடிதத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட மனிதர் மட்டும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மடவார் வளாகத்தில் வீடு. பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினிப் பாடம் நடத்திக்கொண்டே, பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். அது வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போனது. 'இன்னுமா முடியல?' என்று கேட்காத சொந்தக்காரர் யாரும் பாக்கியில்லை. என் விஷயம் இதுதான்: இப்போது போனில் போகிற செய்தி எல்லாமே பூட்டப்பட்டுத்தான் போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் எந்த நேரத்தில் போகிறது, எவ்வளவு கனம், எந்த விலாசத்துக்கு என்பது தெரியும். ஒட்டிய கவரைப் பிரிக்காமலே கல்யாணப் பத்திரிகையா வக்கீல் நோட்டீசா என்று தபால்காரர் சொல்லிவிடுவார் இல்லையா, அதே சங்கதி. பூட்டியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருக்கிறவர்களின் வாழ்க்கை எவ்வளவு தூரம் வெளியே தெரிகிறது என்று காட்டுவது என் வேலை.

அதற்கு நிஜமான ஆட்களின் நிஜமான போன்கள் வேண்டும். ராஜபாளையம் போகிற வழியில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். உள்ளேயே பெண்களுக்கு ஹாஸ்டல், ஹாஸ்டலுக்கு வைஃபை. என் வழிகாட்டிக்கு அங்கே யாரையோ தெரியும். மில்லின் எச்.ஆர். அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதராகத்தான் பேசினார். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு கணினி ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டே நிபந்தனைகள். ஆய்வறிக்கை எங்கே போவதற்கு முன்னாலும் நிர்வாகத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும். சேகரித்த தரவை நிர்வாகம் கேட்டால் காட்ட வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்களை உட்கார வைத்து விளக்கினேன். சம்மதம் உள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்றேன். எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் பஞ்சுத்தூசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாங்க என்ன பேசுதோம்னு அந்தப் பொட்டிக்குக் கேக்குமாக்கா?"

"கேக்காது."

"எந்தப் பக்கத்துக்குப் போறோம்னு தெரியுமா?"

"போற இடம் தெரியும்மா. போறது யாருன்னு தெரியாது."

"எச்.ஆர். சாருக்கு?"

"யாருக்குமே தெரியாது. எனக்கே தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் முதல் கையெழுத்தைப் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள், மொத்தம் இருபத்திரண்டு பேர். சொந்த ஊர் எது என்று கேட்டேன். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் சொன்னாள்.

சத்தியத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் கொடுத்தேன். எந்த எண் யாருடையது என்ற காகிதத்தை வீட்டு அடுப்பில் காட்டி எரித்தேன். "சாம்பார் கொதிக்கிற அடுப்புல என்னத்தடி எரிக்கிற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "இருபத்திரண்டு பேரைக் காப்பாத்துறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். ஐயோ, அந்தப் பெருமை!

எட்டு வாரம் தரவு சேர்ந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. யார் அம்மாவோடு வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறாள், யார் பரீட்சைக்குப் படிக்கிறாள், யார் வேறு வேலை தேடுகிறாள் எல்லாம் தெரிந்தது. ஒன்பதாம் எண் போன் வேடிக்கையாக இருந்தது. நாள் பூராவும் குட்டிக் குட்டியாக எழுத்துச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்த போன், முதல் வாரக் கடைசியில் ஒரு நாளிலிருந்து எழுதுவதையே நிறுத்திவிட்டு, குரல் செய்தியாக மட்டும் அனுப்பத் தொடங்கியது. "புதுசா லவ்வு போல" என்றார் என் வழிகாட்டி. நானும் சிரித்தேன்.

பதினாலாம் எண்தான் என் புதையல். அந்த போன் இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அரசாங்கத்தின் தொழிலாளர் புகார் தளத்துக்குப் போனது. இரண்டு நிமிடம் இருக்கும், திரும்பி வரும். யாரோ புகார் கொடுத்துவிட்டு அது என்ன ஆயிற்று என்று வாராவாரம் பார்க்கிறார்கள். பூட்டிய செய்தியிலும் இவ்வளவு வெளியே தெரிகிறது, ஆகவே இந்த மாதிரி விடுதிகளில் வைஃபைக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று எழுத இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? பதினாலாம் எண்ணின் எட்டு வாரத்தையும் ஒரே படமாக வரைந்தேன். போன் ஹாஸ்டலில் இருக்கிற நேரம் நீலம், இல்லாத நேரம் வெள்ளை, புகார் தளத்துக்குப் போன நிமிடம் சிவப்புப் புள்ளி. நடுவில் எட்டு நாள் மட்டும் ராத்திரிகளில் நீலம் இல்லை. பகல் ஷிப்ட் முடிந்ததும் போன் மறைந்து மறுநாள் காலையில்தான் திரும்பியது. "இந்த வாரத்தை வெட்டிடலாமா சார்?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "வெட்டாதம்மா. தொடர்ச்சியா இருந்தாத்தான் வெளிநாட்டுல மதிப்பான்" என்றார். வெட்டவில்லை. 'பயனர் தற்காலிகமாக வேறிடத்தில் தங்கினார்' என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்.

அறிக்கையை ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கூட அரை கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டு போய் எச்.ஆர். அதிகாரியிடம் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கினேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

நாலாவது நாள் கூப்பிட்டு அனுப்பினார். போனால் மேசையில் என் அறிக்கை, அந்தப் படம் உள்ள பக்கத்தில் விரித்திருந்தது.

"மேடம், பெரிய வேலை பண்ணியிருக்கீங்க. எங்களுக்கு இங்கிலீஷ் எல்லாம் முழுசா ஓடல. ஆனா படம் நல்லா புரிஞ்சுது." அந்த எட்டு வெள்ளை ராத்திரிகளின் மேல் விரலை வைத்தார். "இந்தச் செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சு அடுத்த செவ்வாய்க்கிழமை முடியுது. என்னன்னு தெரியுதா?"

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னேன்.

"சாட்டு மேடம். அம்மன் பொங்கலுக்குச் சாமி சாட்டியாச்சுன்னா, காப்புக் கட்டுன குடும்பத்து ஆளு ராத்திரி வெளியூர்ல தங்கக்கூடாதுல்ல? பகல்ல எங்க போனாலும் பொழுது சாய ஊரு எல்லைக்குள்ள வந்திரணும். அந்தத் தேதியில சாட்டுனது வத்திராயிருப்புப் பக்கம் ஒரு ஊருலதான். எங்க மாமியார் ஊரு அதுக்குப் பக்கத்து ஊருதான். அந்த வாரம் எங்க ஹாஸ்டல்ல எட்டு நாளும் ராத்திரி வெளிய தங்க ஒரே ஒரு பொண்ணுதான் அவுட்பாஸ் கேட்டுச்சு. சாமி காரியமாச்சேன்னு நானே கையெழுத்துப் போட்டேன்."

பெயரையும் சொன்னார். முதல் கையெழுத்துப் போட்டவள். பதினாலாம் எண் யார் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அவர் சொல்லித்தான் தெரிந்தது.

எனக்குச் சாட்டு தெரியாதா? பிறந்ததிலிருந்து இந்த ஜில்லாவில்தான் கிடக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சாட்டு வந்தால் பாதி வகுப்பு சாயங்காலம் சிறப்பு வகுப்புக்கு நிற்காமல் ஓடும். தெரியும். ஆனால் படத்தை வரைந்தபோது என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தவர் அறிக்கையை மதிப்பிடப் போகிற, கண்ணுக்குத் தெரியாத வெளிநாட்டு விமர்சகர். அவருக்குச் சாட்டும் தெரியாது, வத்திராயிருப்பும் தெரியாது. அவரிடமிருந்து அவளை நன்றாக மறைத்திருந்தேன்.

"யாரு புகார் எழுதுனதுன்னு ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தோம் மேடம். அவ ரூம்ல இருந்த இன்னொரு பொண்ணு லீவுல ஊருக்குப் போயி அருவாமனையில விரலை வெட்டிக்கிட்டு வந்துச்சு. மெஷின்ல போச்சுன்னு இவ தன் பேரைச் சொல்லாம எழுதிப் போட்டிருக்கா."

"சார், அந்தப் படம் நிஜமில்ல. தேதியெல்லாம் கலைச்சுத்தான் போட்டிருக்கோம். ஆராய்ச்சியில அப்படித்தான் போடுவோம்" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அவர் சிரித்தார். "பொய் சொல்ல உங்களுக்கு வரல மேடம். டீ ஆறுது, குடிங்க."

அந்தப் பெண்ணைச் செத்த நேரம் பார்க்க வேண்டும் என்றேன். ஷிப்ட்டில் இருக்கிறாள் என்றார். ஷிப்ட் முடியும் வரை வாசலில் வெயிலில் நின்றேன். காவலாளி வந்து, "போங்கம்மா, உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவளுடைய போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்த காகிதத்தைத்தான் எரித்துவிட்டேனே! ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வழியெல்லாம், "சத்தியமா? சத்தியமா" என்று அவள் கேட்டதும் நான் சொன்னதும் மாறி மாறிக் காதில் விழுந்தது. வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். லாரிக்காரர் ஒருவர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். "சம்மதப் படிவத்துல கையெழுத்து இருக்குல்ல? அப்ப நம்ம மேல தப்பில்ல" என்றார். நம் மேல் தப்பு இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அவளுக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்டேன். "அதுக்கு நாம என்னம்மா பண்ண முடியும்?" என்று அவர் தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மில்லிலிருந்து கடிதம் வந்தது. ஒப்புக்கொண்டபடி, இருபத்திரண்டு போன்களின் முழுத் தரவையும் திங்கட்கிழமைக்குள் நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒருத்தியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு படம் போதுமானதாக இருந்தது. முழுத் தரவும் போனால் மிச்சம் இருபத்தொரு பேரும் அம்போ. யார் வேறு வேலை தேடுகிறாள், யார் யாரோடு பேசுகிறாள் எல்லாம் போய்விடும். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் கல்லூரிக்குப் போவார்கள், கல்லூரி என்னைக் கொடுக்கச் சொல்லும். எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. பட்டப்பகலில், ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் அழித்தேன். என் மடிக்கணினி, கல்லூரி சர்வர், அலமாரியில் இருந்த வன்தட்டு, அந்த உள்ளங்கைக் கணினியின் சின்ன அட்டை. அழித்த இடத்தின் மேல் குப்பை எழுதி, அதன் மேல் மறுபடி குப்பை எழுதி, மூன்று தடவை. வருடக்கணக்கான வேலை நாலு மணி நேரத்தில் போனது. 'இயந்திரக் கோளாறினால் தரவு அழிந்துவிட்டது' என்று மில்லுக்குப் பதில் எழுதினேன். ஒரு நல்ல காரியமாவது பண்ணினோம் என்று அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு பஸ் ஏறி, அங்கிருந்து அவள் ஊர் வரை ஆட்டோவில் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், வேலை போனால் வேறு வேலைக்கு ஏதாவது ஏற்பாடு பண்ண வேண்டும், இவ்வளவுதான் என் திட்டம். தென்னந்தோப்பு ஓரமாக ஓட்டு வீடு. வாசலில் அவள் அம்மா நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "ஏட்டி, யாரு வந்திருக்கா பாரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எனக்கு அது அடி வாங்கியது போல இருந்தது.

"வாங்கக்கா. நானே உங்க காலேஜுக்கு வரணும்னு இருந்தேன். இருங்க, ஒரு நிமிசம்" என்று போனில் யாருக்கோ வேகமாக ஏதோ எழுதி அனுப்பினாள். பிறகு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டார்களாம். பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம். அவள் எப்படி மாட்டிக்கொண்டாள் என்று நான் சொன்னேன். படம், வெள்ளை ராத்திரிகள், சாட்டு, என் சத்தியம்.

"அந்த எட்டு ராத்திரிய வச்சுத்தான் என்னயக் கண்டுபிடிச்சாகளா?"

"ஆமாம்மா. என்னை மன்னிச்சிரு."

"அதை விடுங்கக்கா. எனக்கு வேற மில்லு இல்லையா என்ன? அவ கதைதான் கதை." நெருங்கி உட்கார்ந்தாள். "விரலு போனவ, அவ சம்பவத்தன்னைக்கு லீவுல ஊருக்குப் போயிருந்தான்னு எழுதி வச்சிருக்காக. பொய்யிக்கா. மெஷின்லதான் போச்சு. அன்னைக்குப் பூரா அவ போன் எங்க ரூம்புலதான் கெடந்துச்சு. நான்தான் சார்ஜ் போட்டேன். போன் ஹாஸ்டல்ல இருந்தா உங்க பொட்டியில நீலமா விழும்ல?"

விழும் என்று தலையாட்டினேன்.

"எந்த நம்பரு அவளுதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுவீக. அதுக்கும் வழி இருக்குக்கா. எச்.ஆர். என்னயக் கண்டுபிடிச்ச மாதிரியே நாமளும் கண்டுபிடிக்கலாம். அவ முன்னாடி எம்புட்டு மெசேஜ் டைப் அடிப்பா தெரியுமா? விரலு போன பொறவு அவளால அடிக்க முடியல. வாய்ஸ் மட்டுந்தான் அனுப்புதா. எந்த போனு டைப் அடிக்கிறத நிப்பாட்டிச்சோ அதுதான் அவ போனு. அவளும் சரின்னுட்டா. 'என் பேரைப் போட்டே காட்டட்டும், எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்'னு சொல்லிட்டா. லேபர் ஆபீஸ் அதிகாரி கேக்குறது ஒரே ஒரு ஆதாரந்தான்கா."

ஒன்பதாம் எண். புதுசா லவ்வு போல. நான் சிரித்திருந்தேன்.

"அழிச்சிட்டேன்" என்றேன்.

"என்னத்தக்கா?"

"எல்லாத்தையும். வியாழக்கிழமை."

அவளுக்கு அது உடனே ஏறவில்லை. "என் போன்ல போட்டோ பூராவும் அழிஞ்சு போச்சு ஒருக்கா. வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு கடைக்கார அண்ணன் அம்புட்டையும் எடுத்துக் குடுத்தாரு. நீங்க இதுலயே படிச்சவக. உங்களால முடியாதா?"

"நான் அழிச்சா யாராலயும் எடுக்க முடியாதும்மா." வகுப்பில் இதே வாக்கியத்தை வருடா வருடம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன்.

"எதுக்குக்கா அழிச்சீக?"

'உங்களுக்காகத்தான்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அதில் பாதி பொய். கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. யாரையும் கேட்காமல், அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தியிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களுக்கு எது நல்லது என்று நானே முடிவு பண்ணினேன். எச்.ஆரும் அவர்களைக் கேட்காமல்தான் முடிவு பண்ணினார். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவள் போன் சத்தம் போட்டது. குரல் செய்தி. அவள் அதைத் தொட்டதும் ஒரு பெண் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"ஏட்டி, அந்த அக்கா வந்திருக்காகளா? நீ சொன்ன மாதிரி அந்த ஆதாரம் அவுககிட்ட இருக்கா? எங்க அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

அவள் மைக் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீங்களே சொல்லிருங்கக்கா. எனக்கு வாய் வரல."

திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது தாண்டியும் எனக்கும் வாய் வரவில்லை. அவள் விரலை எடுத்தாள். அது அப்படியே விரல் போனவளுக்குப் போய்ச் சேர்ந்தது.